ஸ்பிரிங்கை யார் போட்டது?



பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். இரண்டு கார்களைப் பற்றிய கதை. எங்கள் பிழை ஒன்றைப் பற்றிய கதையும்தான்.

இதில் 'நாங்கள்' என்று வருவது இரண்டு பேர். மடுல்சீமையில் ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவர், கணிதம் படிப்பிக்கிற ஒருவர். ஒருவர் கடைவீதிப் பிள்ளை, மற்றவர் தோட்டத்துப் பிள்ளை. பதினைந்து வருடமாக ஒரே பஸ், ஒரே ஸ்டாஃப் ரூம், பகல் சாப்பாட்டுப் பொதியும் பாதிப் பாதி. கணித சேர் முகநூலில் இல்லை. "நீங்களே எழுதுங்க சேர். ஆனா ரெண்டு பேரும்னு எழுதுங்க. தப்பு ரெண்டு பேரும்தானே செஞ்சோம்" என்றார். அதனால்தான் இந்த 'நாங்கள்'.

பதினோராம் வகுப்பு. வெளியே மிஸ்ட் இறங்கி மைதானம் தெரியவில்லை, கரண்டும் இல்லை. உருளையின் கனவளவு பாடம். பின் வாங்கில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் ஒருவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கார் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறான். அதன் முன்பக்கத்தில் எந்தக் கம்பனியின் சின்னத்தைப் போடுவது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி டொயோட்டா 86. மறு கட்சி சுபாரு பி.ஆர்.இஸட்.

எங்கள் பொடியன்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படி வந்தது என்று பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் ஏறி வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வளைவுக்கு மேல் வளைவு. பஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் தேயிலை மலை, மறு பக்கம் சாய்ந்தால் பள்ளம். ஜப்பானில் இதே மாதிரி மலைப்பாதையில் தோஃபு கொண்டுபோகிற பையன் ஒருவன் பழைய டொயோட்டாவை வளைத்து வளைத்து ஓட்டுகிற 'இனிஷியல் டி' என்ற படக்கதை 1995-இல் தொடங்கியது. அதன் கார்ட்டூனை இவர்கள் எல்லோரும் போனில் பார்த்து முடித்துவிட்டார்கள். தோஃபுவுக்குப் பதில் கொழுந்துச் சாக்கு என்று வைத்துக்கொண்டால் அது எங்கள் ஊர்க் கதைதான்.

கணித சேர் கோபிக்கவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, சண்டையக் கணக்குல தீர்ப்போம். இந்தக் காரோட எஞ்சின் அளவு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் நீளமும் 86 மில்லிமீற்றர், சிலிண்டர் நான்கு. உருளையின் கனவளவு பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

எல்லோரும் குனிந்தார்கள். முதலில் கை தூக்கியது பின் வாங்கின் ஓரத்தில் இருந்தவன். "1999 சீசீ சேர். ஆனா கம்பனிக்காரன் 1998ன்னு போட்டிருக்கான். நாம பைக்கு 22/7 போட்டதால ஒன்னு கூடிருச்சு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கு சரி, காரணமும் சரி. ஆனால் சொன்னவன் யார்? ஏழு வருடமாக எங்கள் இருவரின் வாயிலும் 'கணக்கு வராத பிள்ளை' என்றே இருந்தவன்.

அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். முதலில் கார்.

அன்றிலிருந்து இரண்டு வாரம் நாங்களும் தேடித் தேடிப் படித்தோம். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாமல் வகுப்புக்குப் போக வெட்கமாக இருந்தது. படித்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறோம். வேறு ஆசிரியர்களுக்கும் உதவும்.

டொயோட்டா 2005-இல் சுபாருவின் தாய்க் கம்பனியில் ஒரு பங்கை வாங்கியது. அந்தச் சம்பந்தத்தில் பிறந்த பிள்ளைகள்தான் இந்த இரண்டு கார்களும். 2012-இல் விற்பனைக்கு வந்தன. ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓட்டா என்ற ஊரில் இருக்கிற சுபாரு தொழிற்சாலையில், ஒரே வரிசையில் இரண்டையும் செய்தார்கள். எஞ்சின் சுபாருவுடையது. அதற்கு எரிபொருளைப் பீய்ச்சுகிற முறை டொயோட்டாவுடையது. வண்டிச் சட்டம் ஒன்று, கதவு ஒன்று, கியர்ப்பெட்டி ஒன்று.

அந்த எஞ்சினைப் பற்றி விஞ்ஞான வகுப்பில் தனியாக ஒரு பாடமே எடுத்தோம். சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்கும். இதில் இரண்டு இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமும் படுத்திருக்கும். குத்துச்சண்டைக்காரர் கையுறையை நீட்டி மடக்குகிற மாதிரி பிஸ்டன்கள் வெளியே போய் உள்ளே வரும். அதனால் அதற்குப் 'பொக்ஸர்' என்று பெயர். படுத்த எஞ்சின் என்றால் பாரம் தரைக்குக் கிட்ட இருக்கும், வளைவில் கார் குறைவாகச் சாயும். புவியீர்ப்பு மையம் என்றால் என்ன என்று கேட்டு முழிக்கிற பிள்ளைகளிடம், "அம்மா நிறைஞ்ச கொழுந்துக் கூடையோட சரிவுல இறங்கும்போது ஏன் குனிஞ்சு இறங்குறாங்க?" என்று கேட்டோம். உடனே விளங்கியது. பாரம் உயரத்தில் இருந்தால் ஆளைத் தள்ளும், தாழ்ந்திருந்தால் தாங்கும்.

இனி, பிள்ளைகள் சண்டை பிடித்த கேள்வி. எல்லாம் ஒன்று என்றால், ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏன் இரண்டும் ஒன்றில்லை என்கிறார்கள்? டொயோட்டாவின் வால் விளையாடும் என்கிறார்கள். சுபாரு நிதானமாகப் போகும் என்கிறார்கள்.

வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இருக்கிறது. 2021-க்குப் பிறகு வந்த இரண்டாவது மொடலை எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க 28 நியூட்டன் விசை வேண்டும். சுபாருவில் 30. பின்னால் டொயோட்டாவுக்கு 39, சுபாருவுக்கு 35. பத்து நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோவின் பாரம் என்று வைத்தால், முன்னால் வித்தியாசம் 200 கிராம், பின்னால் 400 கிராம். கடையில் விற்கிற சின்னத் தேயிலைப் பக்கற் ஒன்று 200 கிராம். முன்னுக்கு ஒரு பக்கற், பின்னுக்கு இரண்டு பக்கற். அவ்வளவுதான்.

இதை ஒன்றிரண்டு பக்கற்தானே என்று விட முடியாது. வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அதில் முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்கு போடுவதில் ஸ்பிரிங்குக்குப் பெரிய கை இருக்கிறது. பின் ஸ்பிரிங் விறைப்பானால் பின்பக்கத்தின் வெளிச்சக்கரத்துக்குப் பங்கு கூடும். அந்த டயர் முதலில் பிடியை விடும், வால் வெளியே வரும். முன் ஸ்பிரிங் விறைப்பானால் முன் டயர் முதலில் தளரும், கார் நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு அது நிதானமாகத் தெரியும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து குறுக்குக் கம்பியிலும் முன் சக்கரத்தைத் தாங்குகிற துண்டிலும் சில மாற்றங்கள் உண்டு. டொயோட்டாவில் அந்தத் துண்டு இரும்பு, சுபாருவில் அலுமினியம். மற்றபடி எஞ்சின் இரண்டிலும் ஒன்றேதான். இந்த மொடலில் சிலிண்டர் விட்டத்தை 94 மில்லிமீற்றர் ஆக்கினார்கள், ஓடும் நீளம் பழைய 86-தான். கணக்கைப் பிள்ளைகளுக்கே விட்டோம். 22/7 போட்டு 2388 வந்தது. கம்பனி சொல்வது 2387.

"அப்ப எது சேர் நல்லது?" என்று ஒருத்தி கேட்டாள். நல்லது கெட்டது இதில் இல்லை மகள் என்றோம். சனமில்லாத ஓட்டப்பாதையில் வாலை ஆட்டி விளையாட விரும்புகிறவருக்கு ஒன்று, நீண்ட தூரம் பதற்றமில்லாமல் போகிறவருக்கு மற்றது. யாருக்கு எந்தப் பாதை என்பதுதான் கேள்வி.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வகுப்பிலும் சொன்னோம். வால் ஆட்டுகிற விளையாட்டு மடுல்சீமை ரோட்டில் வேண்டாம். எங்கள் மாகாணத்திலேயே தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் கார் பந்தயம் நடக்கும். ஐந்து வருடம் நடக்காமல் இருந்து, 2024 ஏப்ரல் 21-இல் மறுபடி நடந்தது. அன்று கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறு பிள்ளையும். பந்தயத்துக்கென்றே அமைத்த பாதையில், பழகிய கைகள் ஓட்டும்போதே அப்படி. பஸ்ஸும் லொறியும் எதிரே வருகிற எங்கள் வளைவில் பிடி விட்ட டயருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

அந்தப் பந்தயத்தைச் சொன்னதும் கணித சேருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. "நம்ம நாட்டுலயும் ஒரே வயித்துப் பிள்ளைக ரெண்டு ஓடுதே சேர். ஃபோர்ட் லேசரும் மஸ்டாவும்."

உண்மைதான். இலங்கைக் கார் பந்தயங்களில் 'ஃபோர்ட் லேசர்/மஸ்டா 1500 சீசீ' என்று ஒரு பிரிவே இருக்கிறது. இரண்டு கம்பனிப் பெயர், ஒரே போட்டி. 1979-இல் ஃபோர்ட் கம்பனி மஸ்டாவின் காற்பங்கை வாங்கியது. 1981-இல் மஸ்டா 323-இன் மேல் வேறு முகம் வைத்து லேசர் என்று விற்றார்கள். முகமும் விளக்கும் வேறு, அடியில் எல்லாம் ஒன்று. 1987-இல் டிமோ சலோனன் சுவீடன் ராலியில் பனிக்கு மேல் வென்றது மஸ்டா 323-இன் நான்கு சக்கர இழுவை டேர்போ மொடலில். அதே இயந்திரம் லேசரிலும் வந்தது. ஆனால் சரித்திரத்தில் இருப்பது மஸ்டாவின் பெயர்தான்.

எங்கள் வாப்பாவிடம் ஸ்ரீ நம்பர் மஸ்டா 323 ஒன்று இருந்தது. கடைக்குச் சாமான் ஏற்றவும் அதுதான், பெருநாளைக்குப் பதுளைக்குப் போகவும் அதுதான். ஒரு மழை நாள் ஊருக்குக் கீழே வளைவில் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வெடித்துத் தண்ணீர் போய்விட்டது. அந்த வழியாகத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா தன் லேசரில் வந்தார். இறங்கி, பொனட்டைத் திறந்து, தன் காரின் மூடியைக் கழற்றி எங்கள் காருக்குப் போட்டார். அச்சு அசல் பொருந்தியது. கார் ஸ்டார்ட் ஆனது. லேசரை அங்கேயே விட்டுவிட்டு, வாப்பாவோடு பசறைக்குப் போய்ப் புது மூடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அன்று இரவு வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "பேருதான் ரெண்டு. உம்மா ஒன்டு."

இந்தக் கதையையும் வகுப்பில் சொன்னோம். பிள்ளைகள் சிரித்தார்கள். பின் வாங்கில் இருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழும்பிக் கேட்டான்.

"சேர், ஒரே ஃபெக்டரி, ஒரே எஞ்சின். வித்தியாசம் ஸ்பிரிங்குல வருது. சரி. அந்த ஸ்பிரிங்க யாரு போட்டது?"

"கம்பனிக்காரங்கதான். ரெண்டு காரும் வேற மாதிரி ஓடணும்னு அவங்க முடிவு செஞ்சாங்க."

"அப்ப கார் மேல பிழை இல்ல."

"இல்லை."

"சரி சேர்" என்று உட்கார்ந்துகொண்டான். மணி அடித்தது.

ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தோம். இருவருக்கும் பேச வரவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

அவன் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன். பெயர் வேண்டாம். இளையவன் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவன் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவன். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார், அப்பா கொழும்பில். மூத்தவன் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துப் பதுளையில் பெரிய பாடசாலைக்குப் போனான். அங்கே விடுதியில் இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான். இளையவன் எங்களோடு இருந்துவிட்டான்.

இந்த ஏழு வருடத்தில் நாங்கள் அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்! "ஒரே வயித்துல பொறந்தவன்தானே அவன். அவனப் பாரு." பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னோம். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மாவின் முன்னால் சொன்னோம். வைது சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டோம். அலுமாரியைத் திறந்து பழைய பதிவுகளைத் தேடினோம். ஏழு வருடத்துக்கு முந்திய மேலதிக வகுப்புப் பட்டியல் கிடைத்தது. எங்கள் இருவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். புலமைப்பரிசிலுக்கு மேலதிக வகுப்பு வைக்க ஒரு சின்ன அறைதான் இருந்தது, பதினெட்டு கதிரைதான் இருந்தது. நாலாம் வகுப்பு மூன்றாம் தவணைப் பரீட்சையின் மொத்தப் புள்ளியை வைத்து முதல் பதினெட்டுப் பேரை எடுத்தோம். மூத்தவன் பதினேழாவது. இளையவன் இருபதாவது. இருவருக்கும் இடையில் ஆறு புள்ளி. வரவுப் பதிவையும் பார்த்தோம். அந்தத் தவணையில் மூத்தவன் ஒரு நாள் கூட வராமல் இருக்கவில்லை. இளையவன் பதினொரு நாள் வரவில்லை. அப்போது அம்மாவுக்குச் சுகமில்லை, வீட்டில் இரண்டு வயதுத் தங்கச்சி. ஒருவன் நிற்க வேண்டும். சோறு வடிக்கத் தெரிந்தவன் இளையவன், அதனால் அவன் நின்றான். இந்த விஷயம் எங்களுக்கு அன்று தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மூத்தவனுக்கு ஒரு வருடம் முழுக்கப் பின்னேர வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, மாதிரி வினாத்தாள். "பாஸ் பண்ணிருவான்" என்று எங்கள் வாயிலிருந்து தினமும் ஒரு சொல். இளையவனுக்கு? சோக் எடுத்து வா, மணி அடி, தண்ணீர் நிரப்பு. 'கெட்டிக்காரன்தான், வேலைக்கு' என்று ஒரு பெயரும் கொடுத்தோம். பரீட்சை முடிவு வந்தபோது, "பாத்தீங்களா, ரெட்டைப் பிள்ளைகள்ல கூட மூளை எவ்வளவு வித்தியாசம்" என்று ஸ்டாஃப் ரூமில் பேசினோம். பேசியவர்கள் நாங்கள்தான்.

ஆறு புள்ளியைக் கொண்டு ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டவர்கள் நாங்கள். ஏழு வருடம் கழித்து, வால் ஏன் ஆடுகிறது என்று காரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பொடியன்கள் பார்க்கிற அந்தக் கார்ட்டூனில் வருகிற பழைய காரும் இரட்டையில் ஒன்றுதான். 1983-இல் டொயோட்டா ஒரே சட்டத்தில், ஒரே 1587 சீசீ எஞ்சினில் இரண்டு கார் செய்தது. லெவின் ஒன்று, ட்ருவேனோ மற்றது. லெவினுக்கு நிலையான விளக்கு. ட்ருவேனோவுக்கு மூடித் திறக்கிற விளக்கு. இரண்டுக்கும் சேர்த்துத்தான் 86 என்று பெயர். கதை எழுதியவர் தோஃபு கடைப் பையனுக்கு ட்ருவேனோவைக் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கப் பொடியன்கள் கொப்பியில் வரைவது ட்ருவேனோவைத்தான். லெவினிடம் குறை இல்லை. தெரிவு செய்கிற கை அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான்.

உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டோம். பிள்ளை கார் இல்லை. பிள்ளைக்குத் தன் சொந்தப் புத்தி உண்டு, அல்லாஹ் கொடுத்த தனிக் குணம் உண்டு. இரட்டையர் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மூத்தவனின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் கஷ்டப்பட்டுத்தான் போனான். நாங்கள் சொல்வது ஒன்றே ஒன்று. இரண்டு பேரை ஒப்பிட்டுப் பேச முன்னால், அந்த வித்தியாசத்தில் எங்கள் கை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனோம். அம்மா பதறிவிட்டார். "என்ன சேர், எதுவும் செஞ்சுட்டானா?" ஆசிரியர் வீடு தேடி வந்தால் பிள்ளை ஏதோ குற்றம் செய்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். நடந்ததைச் சொன்னோம். பட்டியல், கதிரை, ஆறு புள்ளி எல்லாம். மன்னிப்பும் கேட்டோம். அவர் எங்களுக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீயும் கருப்பட்டியும் வைத்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு நான்தான் சேர் அவன நிக்கச் சொன்னேன். என் மேலயும்தான் இருக்கு."

அது எங்களுக்கு இன்னும் கனமாகிப் போனது. காய்ச்சலில் கிடந்த ஒரு தாய் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார். ஒரு கதிரை கூடப் போட முடியாமல் இருந்த நாங்கள் ஏழு வருடம் பிள்ளையைக் குற்றம் சொன்னோம்.

அங்கேதான் மற்ற விஷயமும் தெரிய வந்தது. இளையவன் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போவதில்லை என்று முடிவு எடுத்திருந்தான். கொழும்பில் ஒரு கடையில் வேலை பேசியாகிவிட்டது. "எழுதி என்ன சேர் செய்ய, கணக்குல போயிரும்" என்றான். அவன் சொல்லவில்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த வசனத்தைத் திருப்பிச் சொன்னான்.

கணித சேர் அவன் கொப்பியைக் கேட்டு வாங்கினார். அந்த 1999 சீசீ கணக்கு இருக்கிற பக்கத்தைத் திறந்தார். "இது யாரு செஞ்சது?"

"நான்தான் சேர்."

"22/7ஆல ஒன்னு கூடுதுன்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல சேர். வித்தியாசம் வந்துச்சு. எங்கேயிருந்து வருதுன்னு பாத்தேன்."

கணித சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வித்தியாசம் எங்கேயிருந்து வருதுன்னு பாக்கிறவனுக்குக் கணக்கு வராதுன்னு நாங்க சொல்லிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

கொழும்பு வேலையைத் தள்ளிப் போட்டிருக்கிறான். நிறுத்தவில்லை, தள்ளித்தான் போட்டிருக்கிறான். வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. சனிக்கிழமை பசறையில் ஒரு கராஜில் கைவேலை பழகுகிறான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்களிடம் கணக்குக்கு வருகிறான். பரீட்சை எழுதுவான். பாஸ் பண்ணினால் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறோம். பாஸ் பண்ணுவானா என்று எங்களுக்குத் தெரியாது. ஏழு வருடத்தை ஏழு மாதத்தில் சரிசெய்யலாம் என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் இந்த முறை அவனை யாரோடும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று இருவரும் கை கொடுத்துக்கொண்டோம்.

பாடசாலையிலும் ஒரு மாற்றம். அதிபரிடம் பேசினோம், அவரும் ஒத்துக்கொண்டார். இந்த வருடம் புலமைப்பரிசில் மேலதிக வகுப்புக்குப் பட்டியல் இல்லை. விருப்பமுள்ள எல்லாப் பிள்ளைகளும் வரலாம். கதிரை போதவில்லை. பள்ளிவாசலில் கேட்டோம், பாய் தந்தார்கள். கோயில் நிர்வாகத்திடம் கேட்டோம், அவர்களும் இரண்டு ஜமுக்காளம் தந்தார்கள். முப்பத்தியொரு பிள்ளைகள் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று மட்டும் எழுதாமல், ஏன் என்றும் கேட்டு எழுதுகிறோம். இது பெரிய புரட்சி இல்லை. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இந்தப் புலமைப்பரிசில் 1940களில் வந்தபோது அதன் நோக்கம், வசதியில்லாத கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் பிடித்து நல்ல பாடசாலைக்கு அனுப்புவது. பிடிக்கிற வலையில் எங்கள் கையாலேயே ஓட்டை போடக் கூடாது. இதை வாசிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியிலும் ஒரு பழைய பட்டியல் இருக்கும். ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கடைசியாகச் சேர்த்த பெயருக்கும் முதலாவதாக விட்ட பெயருக்கும் இடையில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். அந்த விடுபட்ட பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

கடைசியாக, கார்ச் சண்டை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூத்தவன் விடுமுறைக்கு வந்திருந்தபோது இருவரும் சேர்ந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். மூத்தவன் சுபாரு கட்சி என்று அன்றுதான் தெரிந்தது. இளையவன் டொயோட்டா கட்சி. கடைவீதியிலிருந்து பாடசாலை வாசல் வரை வாதாடிக்கொண்டு வந்தார்கள், போகும்போதும் வாதாடிக்கொண்டு போனார்கள். 2020-இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025-இல் திறந்தாலும், இப்போது இருக்கிற வரிக்கு இரண்டில் எதுவும் மடுல்சீமைக்கு வரப்போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

பிள்ளைக்காகத் துஆச் செய்யுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். இருவருக்காகவும்.